ஒரு சாண் இடைவெளி: பழைய காரின் பக்கவாட்டுப் பாதுகாப்பைப் பற்றி

அளவு நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். நான் போனேன். கதவைச் சாத்தி, கண்ணாடியை இறக்கி, கதவின் வெளித்தகட்டிலிருந்து இருக்கையின் ஓரம் வரை அளந்தேன். சிறிய கார்களில் அது ஒரு சாணுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருந்தது. பெரிய கார்களில் அதற்கு மேல் நான்கு விரற்கடை வந்தது. அதே கார்களில் முன் பம்பரிலிருந்து ஓட்டுநரின் முழங்கால் வரை அளந்தபோது ஒரு மீட்டரை எளிதாகத் தாண்டியது. நேருக்கு நேர் மோதும்போது நம்மைக் காப்பதற்கு ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட உலோகம் மடங்கிக் கொடுக்கிறது; பக்கவாட்டில் மோதும்போது அதே வேலையை ஒரு சாண் செய்தாக வேண்டும். மூன்று மாதங்களாக நான் படித்ததும் பார்த்ததும் அந்த ஒரு சாணைப் பற்றித்தான்.

காரணம் என் அக்கா. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் போய்க்கொண்டிருந்த காரின் பக்கவாட்டில், ஒரு சாலைச் சந்திப்பில், குறுக்கே வந்த உயரமான வண்டி மோதியது. மோதிய பக்கத்துக் கதவோரம் அமர்ந்திருந்த அவருக்கு இடுப்பெலும்பும் மூன்று விலா எலும்புகளும் முறிந்தன. வண்டியை ஓட்டிய அத்தானுக்கு, எதிர்ப்பக்கத்தில் இருந்ததால், தோளில் சிராய்ப்போடு போயிற்று. ஸ்டீயரிங்கிலும் டாஷ்போர்டிலும் இருந்த ஏர்பேக்குகள் விரியவே இல்லை என்று வீட்டில் எல்லோரும் காரைக் குறை சொன்னார்கள். அவை விரியாமல் இருந்ததுதான் முறை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவை முன்பக்க மோதலுக்கானவை. உடல் பக்கவாட்டில் வீசப்படும்போது அவை விரிந்தாலும் பயன் இல்லை. அந்தக் காரில் பக்கவாட்டு ஏர்பேக் என்ற ஒன்றே கிடையாது என்பதுதான் குறை. அதை வாங்கும்போது எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இப்போது அக்கா நன்றாக நடக்கிறார், மறுபடி ஓட்டவும் தொடங்கிவிட்டார். தமக்கென்று ஒரு பழைய கார் வாங்க விரும்பியபோது, "நீயே பார்த்துச் சொல், இந்த முறை பக்கத்தையும் பார்" என்றார்.

பக்கவாட்டு மோதலில் இடம் மட்டுமல்ல, நேரமும் குறைவு. முன்பக்க மோதலில் கார் நசுங்கி வேகம் குறையும் சிறு அவகாசத்தில் சீட் பெல்ட் இறுகி, ஏர்பேக் விரிந்து, உடலைத் தாங்கிக்கொள்கிறது. பக்கத்திலோ மோதும் வண்டியின் முகப்பு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறது. உடல் இன்னும் தன் இடத்திலேயே இருக்க, கதவு வந்து உடலை அடிக்கிறது. அதனால் மோதல் உணரிகள் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்குக்குள் முடிவெடுத்து, அதையடுத்த ஒன்றிரண்டு நூறில் ஒரு பங்குகளுக்குள் பை நிரம்பியிருக்க வேண்டும். முதலில் அடிபடுவது இடுப்பு, பிறகு விலாக் கூடு, பிறகு தலை. அக்காவின் எக்ஸ்ரேயில் இருந்த முறிவுகள் ஏறத்தாழ இந்த வரிசையிலேயே இருந்தன. தலை தப்பியது.

உள்ளே வரும் கதவை எது நிறுத்துகிறது? கதவு தானாக நிற்பதில்லை. கதவுக்குள் குறுக்கே ஓடும் எஃகுக் கம்பி அடியைச் சட்டத்துக்குக் கடத்துகிறது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையே கூரையையும் தரையையும் இணைத்து நிற்கும் தூணை, மெக்கானிக்குகள் சொல்வதுபோல் பி பில்லரை, அந்த அடி சென்று சேர்கிறது. பில்லர் அதைக் கீழே கதவுகளின் அடியில் நீளவாக்கில் ஓடும் அடிச்சட்டத்துக்கும், மேலே கூரை விளிம்புக்கும் பிரித்துக் கொடுக்கிறது. அடிச்சட்டத்திலிருந்து இருக்கைகளுக்குக் கீழே செல்லும் குறுக்குச் சட்டங்கள் எதிர்ப்பக்கம் வரை சுமையைக் கொண்டுபோகின்றன. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தால் மற்றவற்றின் வலிமையால் பெரிய பயன் இருக்காது. கடந்த இருபது ஆண்டுகளில் வந்த பல கார்களின் பி பில்லர், போரான் கலந்த எஃகை ஏறக்குறைய 900 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, அச்சிலேயே அழுத்திக் குளிர்வித்துச் செய்யப்படுகிறது. அதன் இழுவலிமை 1500 மெகாபாஸ்கல் அளவுக்கு வருகிறது. சாதாரண மென் எஃகைப்போல நான்கைந்து மடங்கு. பில்லர் வளைந்தாலும் எங்கே வளைய வேண்டும் என்பதைக்கூட வடிவமைப்பாளர்கள் தீர்மானிக்கிறார்கள்: மார்பு உயரத்தில் விறைப்பாக நின்று, இடுப்புக்குக் கீழே சற்று விட்டுக்கொடுக்க வேண்டும். இடுப்பெலும்பு தாங்கும் விசையை விலா எலும்புகள் தாங்காது என்பதே அதற்குக் காரணம்.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்ற பழமொழியைப் பக்கவாட்டு மோதலைப் படிக்கும்போது நான் பலமுறை நினைத்துக்கொண்டேன். கதவுக்கு மேலே இருப்பது கண்ணாடி. அது உடைந்தபின் தலைக்கும், மோதும் வண்டியின் போனட்டுக்கோ சாலையோரக் கம்பத்துக்கோ நடுவே ஒன்றுமே இல்லை. இந்த வெற்றிடத்தை நிரப்பியது கூரை விளிம்பிலிருந்து இறங்கும் திரை ஏர்பேக். மார்பைக் காக்கும் பக்கவாட்டு ஏர்பேக்கை 1994 இல் வோல்வோ தன் 850 மாடலில் கொண்டுவந்தது. தலைக்கான குழாய் வடிவப் பையை பிஎம்டபிள்யூ 1997 இல் அளித்தது. முன், பின் இருக்கைகள் இரண்டையும் மூடும் திரை 1998 இல் வோல்வோ எஸ்80 உடன் வந்தது. இவற்றின் பலன் மோதல் கூடத்தோடு நின்றுவிடவில்லை. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்காக அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும், ஐஐஎச்எஸ் எனப்படும் ஆய்வகம் உண்மையான விபத்துகளை ஆராய்ந்தது. ஓட்டுநர் பக்கத்தில் நடந்த மோதல்களில், தலையையும் காக்கும் ஏர்பேக்குகள் கார் ஓட்டுநரின் மரண ஆபத்தை 37 சதவீதமும், எஸ்யூவி ஓட்டுநரின் ஆபத்தை 52 சதவீதமும் குறைத்தன. மார்பை மட்டும் காப்பவை குறைத்தது முறையே 26, 30 சதவீதம். பழைய காரில் "பக்கவாட்டு ஏர்பேக் உண்டு" என்று விற்பவர் சொன்னால், திரை உண்டா, அது பின் இருக்கை வரை வருகிறதா என்று அடுத்த கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் என நான் முடிவு செய்தது இந்த எண்களைப் பார்த்த பிறகுதான்.

அடுத்து நட்சத்திரங்கள். விளம்பரங்களில் "ஐந்து நட்சத்திரப் பாதுகாப்பு" என்ற சொல் எந்தத் தேதியும் இல்லாமல் வருகிறது. தேதி இல்லாத நட்சத்திரத்துக்கு என் கணக்கில் மதிப்பே இல்லை. புதிய கார்களை மோதவிட்டு நட்சத்திர மதிப்பீடு தரும் ஐரோப்பிய அமைப்பு யூரோ என்கேப். 1997 இல் முதல் முடிவுகளை வெளியிட்ட அது, தொடக்கத்தில், மோதும் வண்டிக்குப் பதிலாக 950 கிலோ எடையுள்ள தள்ளுவண்டியை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காரின் பக்கத்தில் மோதவிட்டது. 2015 இல் அந்தத் தள்ளுவண்டி 1300 கிலோ ஆயிற்று. 2020 இல் 1400 கிலோவும் 60 கிலோமீட்டரும் ஆயின. எடை கூடியதற்குக் காரணம் சாலையில் இருக்கும் வண்டிகளே கனத்துப்போனதுதான். ஃபியட் புன்டோவின் கதை இதற்கு நல்ல சான்று: 2005 இல் ஐந்து நட்சத்திரம் வாங்கிய அதே தலைமுறைக் கார், 2017 இல் மறுபடி மதிப்பிடப்பட்டபோது ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அதற்குள் கார் கெட்டுப்போய்விடவில்லை. கேள்வித்தாள் மாறியிருந்தது, ஓட்டுநர் உதவிக் கருவிகள் உட்பட முன்பு கேட்கப்படாத பலவும் அதில் சேர்ந்திருந்தன. எனவே ஒட்டுமொத்த நட்சத்திரத்தை விட்டுவிட்டு, பக்கவாட்டுச் சோதனைக்குரிய தனி மதிப்பெண்ணையும் அது எந்த ஆண்டின் விதிப்படி கிடைத்தது என்பதையும் தேடிப் படிப்பதே பயன் தரும்.

ஐஐஎச்எஸ்ஸின் சோதனை எனக்கு இன்னும் தெளிவாகப் புரிந்தது. 2003 இல் தொடங்கிய அந்தச் சோதனையில் தள்ளுவண்டியின் முகப்பே எஸ்யூவியின் உயரத்தைப் போலச் செய்யப்பட்டது. எடை 1500 கிலோ, வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். காருக்குள் மனிதர்களுக்குப் பதிலாக வைக்கப்பட்ட டம்மிப் பொம்மைகள் சிறிய உடல்வாகுள்ள பெண்ணின் அளவிலானவை. உயரம் குறைவானவர்களின் தலை, மோதும் வண்டியின் முகப்புக்கு நேராக வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அந்தத் தேர்வு. அக்காவும் உயரம் குறைவானவர். யாரோ அவரை நினைத்தே அந்தச் சோதனையை அமைத்ததுபோல எனக்குத் தோன்றியது. 2021 இல் எடையை ஏறத்தாழ 1900 கிலோவாகவும் வேகத்தை 60 கிலோமீட்டராகவும் உயர்த்தினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் சிறிய மாற்றம்தான். ஆனால் மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், வேகத்தால் மட்டும் 44 சதவீதமும், எடையையும் சேர்த்தால் 82 சதவீதமும் அதிகரித்தது. புதிய சோதனையின் முதல் சுற்றுக்கு வந்த இருபது சிறிய எஸ்யூவிகளில் மிக உயர்ந்த மதிப்பீட்டைப் பெற்றது ஒன்றே ஒன்று, மாஸ்டா சிஎக்ஸ்-5. மற்றவையும் பழைய சோதனையில் நல்ல பெயர் எடுத்திருந்தவைதான்.

இதைப் படித்துவிட்டுப் பழைய மதிப்பீடுகள் எல்லாம் வீண் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பழைய சோதனையில் நன்றாகத் தேறிய காரின் ஓட்டுநர், அதில் மிக மோசமாக மதிப்பிடப்பட்ட காரின் ஓட்டுநரைவிட, தம் பக்கத்தில் நடக்கும் மோதலில் இறக்கும் வாய்ப்பு 70 சதவீதம் குறைவு என்று அதே நிறுவனம் பின்னர் உண்மை விபத்துகளைக் கொண்டு கணக்கிட்டது. ஒரு பழைய காரையும் இன்னொரு பழைய காரையும் ஒப்பிடுகிறவருக்கு, புதிய காரோடு ஒப்பிட்டு வருந்துவதைவிட இந்த எண்தான் முக்கியம். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் விபத்து ஆராய்ச்சி மையம் பழைய கார்களுக்கென்றே மதிப்பீடுகளைத் தயாரிக்கிறது. காவல்துறையில் பதிவான ஏராளமான விபத்துகளில் யாருக்கு என்ன காயம் ஏற்பட்டது என்பதே அதன் அடிப்படை. அது பக்கவாட்டு மோதலை மட்டும் தனியே சொல்வதில்லை என்றாலும், சோதனைக் கூடத்துக்கு ஒருபோதும் போகாத மாடல்களைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைப் போன்ற வழி வேறு குறைவு.

மாடலின் பெயரைத் தெரிந்துகொண்டதும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பது நான் செய்யவிருந்த முதல் தவறு. 2004 இல் ஐஐஎச்எஸ் நடுத்தரக் கார்களைச் சோதித்தபோது, ஹோண்டா அக்கார்டும் டொயோட்டா கேம்ரியும், கூடுதலாகப் பணம் கட்டிப் பெறும் பக்கவாட்டு ஏர்பேக்குகளோடு இருந்தால் உயர்ந்த மதிப்பீட்டையும், அவை இல்லாமல் இருந்தால் மிகத் தாழ்ந்த மதிப்பீட்டையும் பெற்றன. ஒரே பெயர், ஒரே உடல், ஒரே நிறம். பையை வாங்கியவருக்கு ஒரு விதி, வாங்காதவருக்கு வேறு விதி. பழைய கார் சந்தையில் இந்த வேறுபாடு சத்தமில்லாமல் மறைந்துவிடுகிறது. விளம்பரத்தில் மாடல் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், ஓடிய கிலோமீட்டர் இருக்கும். முதல் உரிமையாளர் எந்த வேரியண்ட்டை எடுத்தார் என்பது இருக்காது. நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன்: பி பில்லரின் மேற்பகுதியிலோ கூரை விளிம்பின் பிளாஸ்டிக்கிலோ ஏர்பேக் என்ற எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும், இருக்கைச் சாய்மானத்தின் கதவுப் பக்கத்தில் சிறிய துணிப் பட்டை தைக்கப்பட்டிருக்கும். சேசிஸ் எண்ணைக் கொடுத்தால், அந்தக் குறிப்பிட்ட கார் தொழிற்சாலையிலிருந்து எந்தக் கருவிகளோடு வெளிவந்தது என்பதைத் தயாரிப்பாளரின் சேவை மையத்தில் பார்த்துச் சொல்வார்கள். திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இத்தனையும் கார் பிறந்தபோது இருந்த நிலை. அதன்பின் அந்த உடம்புக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் பழைய காரின் உண்மையான கேள்வி. நான் பார்த்தவற்றில் எல்லா வகையிலும் மனதுக்குப் பிடித்த ஒரு கார் இருந்தது. மதிப்பெண் நன்றாக இருந்தது, திரை ஏர்பேக் இருந்தது, ஓடிய தூரமும் குறைவு. "பெரிய அடி எதுவும் இல்லை சார், பின்கதவில் லேசான கீறல், அவ்வளவுதான்" என்றார் விற்பனை செய்தவர். என்னோடு வந்த மெக்கானிக் பேசாமல் கதவு ரப்பர் பீடிங்கை நுனியில் பிடித்து மெல்லக் கழற்றினார். தொழிற்சாலையில் இயந்திரம் வைத்த ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் சிறு குழிகளாக ஓடும். எதிர்ப்பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. இந்தப் பக்கத்தில் பில்லரின் கீழ்ப்பாதியில் குழிகள் இல்லை. தேய்த்து மழுப்பிய வெல்டிங் தழும்பு இருந்தது. பெயின்ட் தடிமன் கருவியை வைத்ததும், மற்ற இடங்களில் 120 மைக்ரான் அளவில் இருந்தது அங்கே பல நூறாக ஏறியது. தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும். அதைவிட மிகக் கூடினால் அடியில் பட்டி இருக்கிறது என்று பொருள்.

வெளிப்பார்வைக்கு அந்த வேலை நேர்த்தியானது. டிங்கரிங் செய்தவர் கைதேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் சூட்டினால் வலிமை பெற்ற எஃகை மறுபடி சூடாக்கி நிமிர்த்தினால் அந்த வலிமை போய்விடும் என்பதும், அதைத் தயாரிப்பாளர் குறித்துள்ள இடத்தில் மட்டுமே வெட்டி இணைக்கலாம் அல்லது முழுவதுமாக மாற்ற வேண்டும் என்பதும் அந்த நேர்த்தியில் தெரியாது. அழகாக இருக்கும் ஒரு பில்லர் அடுத்த மோதலில் என்ன செய்யும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்தக் காரை விட்டு வந்தபோது எனக்குக் கோபமே வந்தது. ஒருவருடைய இடுப்புக்கும் விலாவுக்கும் காவலாக நிற்கும் இரும்பைப் பற்றி "லேசான கீறல்" என்று சொல்வது பொய்களில் மிகக் கொடியது என்று இன்றும் கருதுகிறேன்.

துருவும் இதே வகையான எதிரி, மெதுவாக வேலை செய்வது மட்டும்தான் வேறுபாடு. கதவுகளுக்கு அடியில் ஓடும் அடிச்சட்டம் உள்ளே கூடானது. நீர் வடியும் துளைகள் மண்ணால் அடைபட்டால் உள்ளேயிருந்தே அரிக்கத் தொடங்கும். வெளியே கறுப்புப் பூச்சு பளபளப்பாக இருக்கலாம். லிஃப்ட்டில் ஏற்றி, விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனால், உறுதியான இடமும் உளுத்த இடமும் ஒலியிலேயே பிரிந்துவிடும். பி பில்லர் வந்து இறங்கும் இடத்தில் துரு இருந்தால் அந்தக் காருக்கு வேறு எந்தச் சிறப்பும் வேண்டாம் என்பது என் முடிவு.

ஏர்பேக்கின் நிலையைக் கண்ணால் பார்க்க வழியில்லை. எச்சரிக்கை விளக்குதான் சாட்சி. சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது என்பது எல்லோருக்கும் தெரியும். எரியவே இல்லை என்றால் அது இன்னும் மோசம்: யாரோ விளக்கையே துண்டித்திருக்கலாம். ஒருமுறை விரிந்த பையை மாற்றாமல், அதன் இணைப்பில் ஒரு மின்தடையைச் செருகி அமைப்பை ஏமாற்றுவதும் நடக்கிறது. ஸ்கேனர் போட்டுப் பழைய மோதல் பதிவு உள்ளதா என்று படிக்கச் சொல்வதும், திரை இருக்கும் கூரை விளிம்பில் உறைத்துணி புதிதாகவோ சுருக்கத்துடனோ இருக்கிறதா என்று பார்ப்பதும் அதனால்தான்.

நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் கேடு ஒன்றும் உண்டு. பல கார்களில் பக்கவாட்டு மோதலைக் கண்டறியும் உணரி கதவின் உள்ளே காற்றழுத்தத்தை அளக்கிறது; வெளித்தகடு நசுங்கும் கணத்தில் கதவுக்குள் அழுத்தம் திடீரென உயரும், அந்தச் செய்திதான் பையை விரிக்கிறது. பெரிய ஸ்பீக்கர் பொருத்துவதற்காகக் கதவின் உள்தகட்டில் ஓட்டை வெட்டினாலோ, கண்ணாடி மோட்டாரைச் சரிசெய்துவிட்டு உட்பக்கத்து மூடுதாளைக் கிழிந்தபடியே விட்டாலோ அந்த அழுத்தம் கசிந்து, செய்தி தாமதமாகலாம். நூறில் ஒரு நொடி கணக்கில் நடக்கும் வேலையில் தாமதத்துக்கு இடமே இல்லை. முதல் உரிமையாளர் இசைப் பிரியர் என்று விற்பவர் பெருமையாகச் சொன்ன காரில் நான் கதவைத்தான் முதலில் பார்த்தேன்.

எதிர்ப்பக்கத்து இருக்கையில் இருப்பவரும் முழுவதும் தப்பியவர் அல்லர். மோதலில் அவர் தோள் பெல்ட்டிலிருந்து நழுவிக் காரின் நடுவே சாய்ந்து, பக்கத்தில் இருப்பவரின் தலையோடு மோதக்கூடும். யூரோ என்கேப் இதை 2020 இல்தான் மதிப்பிடத் தொடங்கியது. இரு இருக்கைகளுக்கும் நடுவே விரியும் பை அதற்குப் பிறகே பரவலானது. எங்களுக்குக் கட்டுப்படியான வயதுடைய கார்களில் அது கிடைக்கவில்லை. அத்தான் தோள் சிராய்ப்போடு தப்பியதை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். கம்பத்திலோ மரத்திலோ பக்கவாட்டில் போய் மோதும் விபத்துகளுக்குப் பெரும்பாலும் காரணம் வண்டி முதலில் சறுக்கிச் சுழல்வதுதான் என்பதால், அந்தச் சறுக்கலைத் தடுக்க உதவும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இல்லாத கார்களையும் விலக்கினேன். குழந்தைகள் வரும்போது அவர்களுக்குரிய இருக்கையைப் பின்வரிசையின் நடுவில், இரு கதவுகளிலிருந்தும் விலகிய இடத்தில், சரியாகப் பொருத்த முடிகிறதா என்றும் பார்த்தேன்.

கடைசியில் தேர்ந்தது பதினொன்றாவதாகப் பார்த்த கார். நட்சத்திரங்களில் அது முதலிடத்தில் இல்லை. பழைய விதிப்படி வாங்கிய நல்ல மதிப்பெண், திரை ஏர்பேக், இருபுறமும் ஒரே சீராக ஓடிய வெல்டிங் குழிகள், உறுதியாக ஒலித்த அடிச்சட்டம் ஆகியவை இருந்தன. ஒரே ஒரு குறை: முன் உரிமையாளர் இருக்கைகளுக்குத் தடித்த உறையை இறுக்கித் தைத்திருந்தார். சாய்மானத்திலிருந்து வெடித்து வெளிவர வேண்டிய பைக்கு அது ஒரு பூட்டு. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே தையலைப் பிரித்துக் கழற்றினோம். அடியில், கதவுப் பக்கமாக, ஏர்பேக் என்று எழுதிய சிறிய துணிப் பட்டை தெரிந்தது. அக்கா உள்ளே அமர்ந்து பெல்ட்டைப் போட்டார், கதவைச் சாத்தினார். பிறகு தம் இடுப்புக்கும் கதவுக்கும் நடுவே கையை விரித்து வைத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.